ரயிலடிக்குப் பக்கத்து வீடு

பெரம்பலூரில் ரயில் கிடையாது. மாவட்டத் தலைநகரம்தான். கல்லூரிகள் உண்டு, பெரிய ஆஸ்பத்திரிகள் உண்டு, எந்நேரமும் இரைச்சலோடு இருக்கும் பஸ் ஸ்டாண்டு உண்டு. தண்டவாளம் மட்டும் இல்லை. ரயில் ஏற வேண்டுமென்றால் பேரளி, குன்னம் வழியாக அரியலூருக்குப் போக வேண்டும். வழியில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் பஸ் ஊர்ந்துதான் போகும். அப்போது பஸ்ஸில் பாதிப் பேர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்பார்கள். மதுரைப் பக்கம் போகிறவர்கள், "வண்டி விருத்தாசலம் தாண்டிருச்சா?" என்பார்கள். சென்னைக்குப் போகிறவர்கள், "லால்குடி தாண்டிருச்சா?" என்பார்கள்.

இப்போது அதைத் தெரிந்துகொள்ளச் செல்போனிலேயே வழி வந்துவிட்டது. அதற்கு முன்பு அரியலூரில் யாராவது ஒருவர் வேண்டும். எங்கள் குடும்பத்துக்கு என் தங்கை இருந்தாள்.

அவள் வீடு ரயிலடிக்குப் பின் தெருவில். அவள் கணவர் சிமெண்டு ஆலையில் கணக்கராக இருந்தபோது வாங்கியது. சின்ன வீடு, ஆனால் முன்னால் சிமெண்டுத் தரை போட்ட அகலமான வாசல், அதற்கு ஒரு இரும்பு கேட். ஸ்டேஷன் ஒலிபெருக்கியில் சொல்வது அடுப்படி வரை கேட்கும். அவள் கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறான். தனியாகத்தான் இருக்கிறாள்.

நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன். எண்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறேன். அந்த வீட்டை நாங்கள் எப்படிப் பயன்படுத்தினோம் என்பதையும், அவள் கண் மங்கிக்கொண்டே வந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாமல் போனதையும் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எங்களில் ஒருவருக்கும் என்று எழுதுவதுகூடத் தப்பித்துக்கொள்வதுதான். எனக்குத் தெரியாமல் போனதை எழுத வேண்டும்.

பெரம்பலூரிலிருந்து மோட்டார் சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ வருவோம். அவள் வாசலில் வண்டியை விடுவோம். கூடத்துச் சுவரில் ஆணிகள் அடித்த ஒரு பலகை இருந்தது. அதில் சாவியை மாட்டுவோம். காபி குடிப்போம். நேரம் இருந்தால் சாப்பிடுவோம். இல்லையென்றால் அவள் கட்டி வைத்திருக்கும் இட்லிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஓடுவோம். திரும்பி வந்து இறங்கினால் முகம் கழுவி, இன்னொரு காபி குடித்து, சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புவோம். நான், என் பிள்ளைகள், என் மனைவியின் தம்பி, அவன் பிள்ளைகள், சித்தப்பா வீட்டுக்காரர்கள், சில சமயம் அவர்களுடைய அக்கம்பக்கத்தார் என்று வந்துபோவோர் நிறைய. யாரும் வெறுங்கையோடு போனதில்லை. எங்கள் பக்கம் சின்ன வெங்காயம் நன்றாக விளையும். ஆளுக்கொரு பை வெங்காயம் கொண்டுபோய் அடுப்படியில் வைத்துவிடுவோம். அதோடு சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். தனியாக இருப்பவள் அத்தனை வெங்காயத்தை என்ன செய்வாள் என்று நான் யோசித்ததில்லை.

கேட்டைத் திறந்ததும் அவள் கேட்பது, "வாண்ணே, எந்த வண்டிக்கு?" என்பதுதான். பதிலைப் பொறுத்து அடுப்பில் வைப்பது மாறும். காலை வண்டி என்றால் உப்புமா, மத்தியான வண்டி என்றால் சாதம். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் நான் ஒருநாளும் அந்த வீட்டுக்குள் நுழைந்ததில்லை. அதாவது, அவளைப் பார்ப்பதற்கென்று ஒருநாளும் போனதில்லை. அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் என் காது ஒலிபெருக்கியிலும் கண் கைக்கடிகாரத்திலும் இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு, பெரம்பலூருக்கு ரயில் பாதை வேண்டும் என்று மனுக் கொடுக்கும் நண்பர்களோடு சேர்ந்தேன். எனக்கு மேடையில் பேச வரும். ஒரு கல்யாண வீட்டில், சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருந்தபோது யாரோ கேட்டார்கள்.

"என்ன சார், ஒங்க ஊருக்கு எப்பத்தான் ரயில் வரும்?"

"ஏற்கெனவே இருக்குதே. பெரம்பலூர் ஸ்டேஷன் அரியலூர்ல என் தங்கச்சி வூடு. அதான் ஸ்டேஷன் மாஸ்டரே இங்க நிக்கிறாங்க பாருங்க" என்று அவளைக் காட்டினேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இன்னொருவர், "சம்பளம் உண்டாம்மா?" என்று கேட்டார். "வெங்காயம் உண்டுங்க" என்றாள் அவள். அதற்கும் சிரித்தோம்.

சாவி விஷயம் நடந்தது அதற்குக் கொஞ்ச நாள் கழித்து. என் மைத்துனன், மனைவியின் தம்பி, சத்தமாகப் பேசுகிறவன். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டான், வாயில்தான் எல்லாம். சென்னையிலிருந்து இறங்கி, கூட வந்த இரண்டு பேரோடு தங்கை வீட்டுக்குப் போனான். அவள் பலகையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் கொடுத்தாள். அதைத் தன் மோட்டார் சைக்கிளில் போட்டுத் திருகினான். திரும்பவில்லை. இன்னும் பலமாகத் திருகினான். சாவி பூட்டுக்குள்ளேயே உடைந்துவிட்டது. பிறகுதான் பார்த்தால் அது வேறொருவர் வண்டியின் சாவி. அவன் கூட வந்தவர்கள் முன்னாலேயே, "ஒரு சாவிய எடுத்துக் குடுக்கத் தெரியல. ஒங்கள நம்பி வண்டிய வுட்டுட்டுப் போனேன் பாருங்க" என்று கத்திவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

ஒரு வாரத்துக்குள் அவள் கேட்டுக்குப் பூட்டுப் போட்டாள். ஒவ்வொருவருக்கும் போன் செய்து, "இனிமே இங்க வண்டி விட வேணாம், கோவிச்சுக்காதீங்க" என்று சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. எல்லோரும் கோபித்துக்கொண்டார்கள். மகன் வெளிநாட்டுக்குப் போனதும் கொழுப்பு வந்துவிட்டது என்றார்கள். என் மனைவி மட்டும், "நீங்க ஒரு நடை போய் என்னான்னு கேட்டுட்டு வாங்களேன்" என்றாள். நான் போகவில்லை. அண்ணன் என்று ஒருவன் இருக்கிறானே, என்னிடமாவது முதலில் சொல்லியிருக்க வேண்டாமா என்று எனக்கு வீம்பு. ஸ்டேஷன் வாசலில் இருக்கிற கட்டண நிறுத்தத்தில் வண்டியை விட்டேன். டீக்கடையில் டீ குடித்தேன். அவள் தெரு முனையைத் தாண்டும்போது தலையை அந்தப் பக்கம் திருப்பாமல் போகப் பழகிக்கொண்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படிப் போயிற்று.

இடையில் ஒருநாள் அவளே போன் செய்தாள்.

"அண்ணே, நல்லாருக்கியா? அண்ணி நல்லாருக்காங்களா?"

"இருக்கோம்."

"நீ மதுரைப் பக்கம் போற வேலை ஏதும் இருக்குதா?"

"எனக்கு என்ன வேலை மதுரையில?"

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் போனை வைக்காமல் இருந்தாள். சமாதானத்துக்கு வருகிறாள் என்று புரிந்துகொண்டேன். சுலபமாக விட்டுக்கொடுக்கக் கூடாது, இன்னும் ஒரு தடவை கேட்கட்டும் என்று நினைத்தேன். அவளைக் காக்க வைப்பதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. அவள் வைத்துவிட்டாள். இதுதான் நான் செய்ததிலேயே மோசமானது.

இந்த வருஷம், மழைக்காலம் ஆரம்பிக்கும் முன், சென்னையில் ஒரு அதிகாரியைப் பார்க்க எங்கள் நண்பர்கள் கிளம்பினோம். பெரம்பலூர் ரயில் பாதை மனுதான். நான் பேசுவதாக ஏற்பாடு. அரியலூரில் மத்தியான வண்டிக்கு முன்பதிவு செய்திருந்தோம். ஸ்டேஷனில் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. முகப்பில் சாரம் கட்டியிருந்தார்கள். மேம்பாலப் படிக்குப் போகும் பழைய வழியைத் தகரம் வைத்து அடைத்து, வேறு பக்கம் வழி விட்டிருந்தார்கள். முதல் பிளாட்பாரத்தில் நண்பர்கள் மின்விசிறிக்குக் கீழே நின்றார்கள். நான் கொஞ்சம் தள்ளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பேச வேண்டியதை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது என் தங்கை வந்தாள். கையில் ஒரு பெரிய துணிப்பை. தகரத் தடுப்பு வரை போனாள், அதைக் கையால் தொட்டுப் பார்த்தாள், திரும்பி வந்தாள். என் பெஞ்சுக்கு நேரே வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன்.

"சார், ரெண்டாம் பிளாட்பாரத்துக்கு எந்தப் பக்கமா ஏறணுங்க?"

என்னைத்தான் கேட்டாள். குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். ஊரார் முன்னால் 'சார்' என்று கூப்பிட்டு என்னை அந்நியனாக்குகிறாள் என்று நினைத்தேன்.

"தெரியாத மாதிரி கேக்குற?" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. என் குரல் வந்த திசையில் பார்வையைக் கொண்டுவந்து, என் தோளுக்கும் காதுக்கும் நடுவில் எங்கோ நிறுத்தினாள்.

"அண்ணனா?" என்றாள்.

நான் எழுந்து நின்றேன். எழுந்ததும் அவள் கண்கள் என்னோடு எழவில்லை. கொஞ்சம் தாமதித்துத்தான் வந்தன. வலது கண்ணின் நடுவில் பால் விட்டதுபோல வெள்ளையாக இருந்தது. இடது கண்ணிலும் மூட்டம் இருந்தது.

"என்ன பாப்பா இது?"

"பொரை. முத்திப் போச்சுன்னு இங்க டாக்டர் சொன்னாரு. இன்னும் வுட்டா கஷ்டமாம். மதுரையில ஆபரேசன். நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"யார் கூட வராங்க?"

"யாரு வரணும்? வண்டி என்னயக் கொண்டுபோய் வுட்டுரும். எறங்குனா ஆட்டோ."

அவள் அதைச் சண்டைபோல் சொல்லவில்லை. விவரம்போலத்தான் சொன்னாள். மகன் தீபாவளிக்கு வந்து கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறான், அதுவரை தாங்காது என்பதால் கிளம்பிவிட்டாள்.

ஒலிபெருக்கியில் சென்னை வண்டி வருவதாகச் சொன்னார்கள். எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர் உண்டு. அவர் என் பையையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"சார், வாங்க. நம்ம பெட்டி இன்னும் முன்னாடி நிக்கும்."

"நீங்க போங்க சார். நான் மதுரை போறேன்."

"மதுரைக்கா? நாளைக்கு யாரு பேசுறது?"

"நீங்க பேசுங்க. எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான்."

அவர் என்னையும் என் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். என் பையைக் கீழே வைத்துவிட்டு, தங்கையைப் பார்த்து, "வரேம்மா" என்று சொல்லிவிட்டு ஓடினார். வண்டி வந்து நின்று, போய்விட்டது. எங்கள் ஊருக்கு ரயில் வேண்டும் என்று பேசப் போன வண்டியில் நான் இல்லை. அதில் எனக்கு வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அவள் டிக்கெட் வாங்கி வைத்திருந்தாள். நான் ஓடிப்போய் எனக்கொன்று வாங்கி வந்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். புது வழியாக மேம்பாலம் ஏறினோம். நாற்பது ஐம்பது வருஷமாக அந்த ரயிலடிக்குப் பக்கத்தில் இருக்கிறவளுக்கு நான் வழி காட்டினேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. படி எங்கே முடிகிறது என்று அவள்தான் எனக்கு முன்பே காலில் உணர்ந்தாள். தகரம் இருந்த இடம் மட்டும்தான் அவளுக்குப் புதிது.

முன்பதிவு இல்லாத பெட்டியில் ஏறினோம். கூட்டம். செந்துறையில் ஏறியிருந்த ஒரு அம்மா முந்திரிக்கொட்டைப் பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு தங்கைக்கு ஜன்னலோரம் இடம் விட்டார். நான் நின்றேன். லால்குடியில் யாரோ இறங்க, எதிரே உட்கார்ந்தேன்.

"வூட்டுக்காரருங்களா?" என்று அந்த அம்மா தங்கையைக் கேட்டார்.

"அண்ணன். இன்னைக்குத்தான் பிளாட்பாரத்துல கெடச்சாரு."

அந்த அம்மா அது வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கொள்ளிடத்தில் மணல்தான் அதிகம் தெரிந்தது. திருச்சியில் அந்த அம்மா இறங்கிய பிறகு பெட்டி கொஞ்சம் காலியாயிற்று. நான் தங்கை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கண்ணு தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல பாப்பா."

"யாருகிட்ட?"

"என்கிட்ட."

"நீ எப்ப உக்காந்திருந்த, நான் சொல்றதுக்கு? செருப்பக் கழட்டும்போதே வண்டி எங்க வருதுன்னு கேப்ப."

பிறகு அவளே தொடர்ந்தாள். "சாவியெல்லாம் தடவிப் பாத்துத்தான் எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்தேன். இன்னாருது இன்ன ஆணியிலன்னு ஒரு கணக்கு. யாரோ மாத்தி மாட்டிட்டாங்க. ஒம் மச்சினன் கையில குடுத்தப்ப, இது அவருதுதானான்னு எனக்கே சந்தேகம். கேக்க வெக்கமா இருந்துச்சு."

"வாசக் கேட்ட ஏன் பூட்டுன?"

"வேற என்ன பண்றது? நாளைக்கு இன்னொருத்தர் சாவியும் ஒடையும். எனக்குக் கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா நீங்க எல்லாரும் வேற எடம் பாத்துக்குவீங்க. நீங்களா வராம போறதுக்கு முன்ன, நானாச் சாத்துனா அது எனக்கு மரியாதை."

"அப்படியெல்லாம் போயிருக்க மாட்டோம்" என்றேன்.

"சரி" என்றாள். போயிருப்போம். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் போனில் மதுரையைப் பற்றிக் கேட்டபோது நான் என்ன நினைத்தேன் என்பதை அப்போது சொன்னேன். காக்க வைத்தேன், அதில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னேன். அவள் திரும்பாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் இன்னொரு தடவை கேப்பேன்னு நெனச்சியா?"

"ஆமா."

"நான் எங்க கேப்பேன். நானும் ஒங்கப்பனுக்குப் பொறந்தவதானே" என்றாள். பிறகு பையைத் துழாவி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். தயிர்சாதம். ஒருத்திக்குக் கட்டியது. பாதியை இலையோடு கிழித்து என்னிடம் நீட்டினாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் கூட்டம் அலைமோதியது. சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். பெரிய டாக்டர் அவள் வலது கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப விட்டுட்டீங்களே" என்றார், அவளிடம் இல்லை, என்னிடம். "பண்ணிடலாம். ஆனா பார்வை எந்த அளவுக்குத் திரும்பும்னு கட்டுப் பிரிச்சாத்தான் சொல்ல முடியும். ரொம்ப எதிர்பார்க்காதீங்க."

அவளை உள்ளே கூட்டிப் போன பிறகு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பேசப் பழகிய மனசு எனக்கு. எதையாவது கோர்வையாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். அன்று அது ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னது. அவள் போன் செய்த அன்றே கிளம்பியிருந்தால் டாக்டர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். பக்கத்தில் இருந்தவர் உங்கள் மனைவிக்கா என்று கேட்டார். தங்கைக்கு என்றேன். "கொடுத்து வச்சவங்க, அண்ணன் கூட வந்திருக்கீங்க" என்றார். இல்லை என்று அவரிடம் விளக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் கவலை அவருக்கு.

மறுநாள் காலை வரிசையாக உட்கார வைத்துக் கட்டுப் பிரித்தார்கள். என் தங்கையின் முறை வந்தது. பஞ்சை எடுத்துத் துடைத்தார்கள். டாக்டர் விரல்களைக் காட்டினார்.

"எத்தனைன்னு சொல்லுங்கம்மா."

அவள் விரல்களைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சன்னல்ல காயிதே துண்டு, அது மஞ்சளா இல்ல பச்சையாங்க?" என்றாள்.

"மஞ்சள்" என்றார் டாக்டர்.

"அப்பத் தெரியுது. விரலு மூணு."

டாக்டர் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போனார். அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை பார்வை நேராக வந்து என் முகத்தில் நின்றது. நன்றாகப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள்.

"மீசைய எப்பண்ணே எடுத்த?" என்றாள்.

நான் மீசையை எடுத்து மூன்று நான்கு வருஷம் இருக்கும். அதற்குப் பிறகும், கேட்டைப் பூட்டும் வரை, எத்தனையோ தடவை அந்த வீட்டில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து காபி குடித்திருக்கிறேன்.

"ரொம்ப நாளாச்சு" என்றேன்.

"நல்லா இல்ல. வச்சுக்க" என்றாள்.

அன்று அங்கேயே இருந்தோம். மருந்து விடுவது எப்படி என்று எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நான் விட்ட முதல் சொட்டு அவள் கன்னத்தில் விழுந்தது. "இதுக்குத்தான் காலேசுல வேலை குடுத்தாங்களா" என்றாள். இடது கண்ணுக்கு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அது முற்றாததால் கவலை இல்லை என்றார் டாக்டர். வலது கண்ணிலும் போகப் போக இன்னும் தெளியும் என்றார். முழுசாக வருமா என்று கேட்டேன். முழுசாக இல்லாவிட்டாலும் தாராளமாகப் புழங்கலாம் என்றார். விட்டுவிட்ட நாட்களுக்கு அதுதான் கணக்கு போலிருக்கிறது.

வீட்டுக்குப் போன் செய்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாயங்காலம் என் மைத்துனன் கூப்பிட்டான். வழக்கமான சத்தம் இல்லை. "அத்தான், அக்கா சொன்னாங்க. அந்தச் சாவி விசயம்..." என்று இழுத்தான். நான் போனைத் தங்கையிடம் கொடுத்தேன். அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள், "இருக்கட்டும். அது ஆச்சு" என்றாள். பிறகு, "அடுத்த மாசம் இங்க வர்றதுக்குக் காரெல்லாம் வேணாம். ஒங்க வண்டியில ஏறி அந்த லாரிக்கூட்டத்துல நான் எங்க போறது. ரயில்லயே போயிக்கிறேன். வரணும்னா நீங்களும் ரயில்ல வாங்க" என்றாள். அவன் வருவான் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் காலை, சென்னைக்குப் போகும் வண்டியில் திரும்பினோம். வங்கி மேலாளர் நண்பர் கூப்பிட்டு, மனுவை வாங்கிக்கொண்டார்கள், மரியாதையாகப் பேசினார்கள், பார்க்கலாம் என்றார்கள் என்று சொன்னார். "நீங்க இருந்திருந்தா இன்னும் நல்லாப் பேசியிருப்பீங்க" என்றார். அப்படி ஒன்றும் இருக்காது என்று மனசாரச் சொன்னேன்.

காற்றுப் படக்கூடாது என்று ஜன்னல் கண்ணாடியை இறக்கி மூடியிருந்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். திருச்சி தாண்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்துச் சின்ன ஸ்டேஷன்களில் இந்த வண்டி நிற்காது. மஞ்சள் பலகைகள் விர்ரென்று வந்து விர்ரென்று போய்விடும். லால்குடிப் பலகை பெரியது, வண்டியும் மெதுவாகப் போயிற்று. அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். அதற்குப் பிறகு வந்ததில் கடைசி இரண்டு எழுத்துதான் பிடிபட்டது.

"ஏதோ 'பாடி'ன்னு போட்டிருந்தான்" என்றாள்.

"புள்ளம்..." என்று ஆரம்பித்தேன்.

"நீ சொல்லாத. நானே படிக்கிறேன்."

வாயை மூடிக்கொண்டேன். அந்த வரிசை எனக்கு மனப்பாடம். வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தே பழகியவனுக்குச் சும்மா இருப்பது லேசில்லை. அவள் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தாள். கல்லகம் நழுவிவிட்டது. கல்லக்குடி பெயர் நீளமாக இருந்ததால் முதல் பாதி கிடைத்தது. சுரங்கத்திலிருந்து வெட்டிக் குவித்த மண்மேடுகள் வந்தன. அவற்றின் மேல் முளைத்திருந்த கருவேலஞ்செடிகளைக் காட்டி, "இதெல்லாம் எப்ப மொளச்சிது?" என்று கேட்டாள். அது எனக்கும் தெரியாது. அந்த வழியாக அத்தனை தடவை போயிருக்கிறேன்.

பிறகு அவள் சட்டென்று என் கையைத் தட்டினாள்.

"சில்லக்குடி" என்றாள்.

பலகை போய்விட்டிருந்தது. நான் பார்க்கவில்லை. அவள்தான் பார்த்தாள்.

"முழுசாப் படிச்சேன்" என்றாள். எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்கள் இருவர், இந்தக் கிழவிக்குச் சில்லக்குடியில் என்ன இருக்கிறது என்பதுபோலப் பார்த்தார்கள்.

அரியலூர் வருவதற்கு முன்பே எழுந்து பையைக் கையில் எடுத்துக்கொண்டாள். நான் வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. வண்டி நின்றதும் கம்பியைப் பிடித்து இறங்கினாள். பெரம்பலூர் பஸ்ஸைப் பிடிக்க ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு ஓடினார்கள். பழக்கதோஷத்தில் நானும் அவர்களோடு நாலெட்டு வேகமாகப் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தேன். அவள் நின்ற இடத்திலேயே நின்று, கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு, கட்டி முடியாத முகப்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவா வாண்ணே" என்றாள். "ஒனக்கு இன்னைக்கு வண்டி ஒண்ணும் இல்ல. வந்து சாப்புட்டுட்டுப் படு. நாலு மணிக்குத்தான் எனக்குக் கண்ணுக்கு மருந்து வுடணும்."

நான் திரும்பி அவளிடம் நடந்தேன்.